ஹெலிகாப்டரின் சிதைவுகள்

ராணுவ ஹெலிகாப்டர், ஹொவாத்தேக்கா, மொராசான் மாகாணம், எல் சால்வடார். 23 அக்டோபர் 1984.

கெரில்லாக்களின் 'ரேடியோ வென்செரேமோஸ்' 1981 ஜனவரி 10 முதல் இந்த மலைகளிலிருந்து ஒலித்தது. அதே ஆண்டு டிசம்பரில் எல் மொசோத்தேயில் ராணுவம் நூற்றுக்கணக்கான கிராம மக்களைக் கொன்றது. இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அதை முதலில் உலகுக்குச் சொன்னது இந்த வானொலிதான்.

கொலைகளை நடத்திய அட்லகாட்ல் படையணியின் அப்போதைய தளபதி தொமிங்கோ மொன்தெரோசா, வானொலியை எப்படியும் கைப்பற்றத் துடித்தார். அதை அறிந்த கெரில்லாக்கள் டிரான்ஸ்மிட்டர் ஒன்றினுள் வெடிமருந்து வைத்து, ராணுவத்திடம் சிக்கும்படி விட்டுச்சென்றனர். வெற்றிச்சின்னமாக அதை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஹெலிகாப்டர் வானிலேயே வெடித்தது. அவரும் உடன் சென்ற அனைவரும் இறந்தனர்.

எல் மொசோத்தே அருகில்தான் உள்ளது. பெயர்கள் பொறித்த நினைவிடத்தையும் பார்த்துச் செல்லுங்கள்.