சீருடைக்குள் ஓர் இசைப்பள்ளி

அயர்லாந்து ராணுவத்தின் இசைக்குழுவை அணிவகுப்பில் மட்டும் கேட்டவர்கள் அதன் ஒரு பாதியையே கேட்டவர்கள். குடியரசுத் தலைவருக்கு மரியாதை செலுத்தும் அதே கலைஞர்கள், அரங்கில் அமர்ந்து ஐரோப்பியச் செவ்வியல் இசையையும், அயர்லாந்தின் பழம் மெட்டுகளையும், நடன அரங்குகளுக்குரிய ஸ்விங் இசையையும் வாசிப்பது அங்கே வழக்கமான ஒன்று. இப்பன்முகத் திறன் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று. குழு பிறந்தபோதே அதற்கான அடித்தளம் இடப்பட்டுவிட்டது.

உள்நாட்டுப் போர் ஓய்ந்த 1923ஆம் ஆண்டில், பாதுகாப்பு அமைச்சராக இருந்த ரிச்சர்ட் மல்காஹி, கையில் கிடைத்த வாத்தியக்காரர்களைத் திரட்டி ஒரு பேண்டு அமைப்பதோடு நின்றுவிடாமல், இளைஞர்களுக்கு முறையாகப் பயிற்சி தரும் ராணுவ இசைப்பள்ளி ஒன்றை நிறுவ ஆதரவளித்தார். அதற்குத் தலைமையேற்க ஜெர்மானிய ராணுவ இசை நடத்துநர் ஃபிரிட்ஸ் பிராசேயும், உதவியாளராகக் கிறிஸ்டியன் சௌவர்ஸ்வைக்கும் அழைக்கப்பட்டனர். புதிதாகப் பிறந்த நாடு, போரின் காயம் ஆறுமுன்பே இசைக்கல்விக்கு இடம் ஒதுக்கியது பெரிதும் பாராட்டத்தக்க முடிவாகும். அவ்வாண்டு அக்டோபரிலேயே இப்பள்ளியின் முதலாம் இசைக்குழு டப்ளினில் பொதுமக்கள் முன் கச்சேரி நிகழ்த்தியது.

பிராசே எடுத்த முடிவுகளுள் மிகவும் தொலைநோக்கு உடையது சுருதியைப் பற்றியது. அக்காலப் பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் உயர் சுருதியில் வாசித்தன. அதாவது, கருவிகளைச் சுருதி சேர்ப்பதற்கு ஆதாரமான 'ஏ' என்னும் ஸ்வரம் அவற்றில் நொடிக்கு 450 அதிர்வுகளைத் தாண்டியது. பிராசே தேர்ந்துகொண்ட ஐரோப்பியச் சுருதியில் அது ஏறத்தாழ 435 அதிர்வுகளே. வயலினின் தந்தியைத் தளர்த்தியோ முறுக்கியோ சுருதியை மாற்றிவிடலாம். கிளாரினெட்டின் குழல் நீளமும் துளைகளின் இடமும் அதைச் செய்யும்போதே முடிவாகிவிடுவதால், வேறு சுருதிக்கு ஏற்பச் செய்யப்பட்ட கருவியைக் கொண்டு ஆர்க்கெஸ்ட்ராவுடன் இசைந்து வாசிக்க இயலாது. எனவே இந்த ஒரு தேர்வு, ராணுவக் கலைஞர்களுக்குக் கச்சேரி மேடையின் கதவையும் திறந்துவிட்டது.

அம்மேடைக்குரிய படைப்புகளோ பெரும்பாலும் வயலின் குடும்பக் கருவிகளை நம்பி எழுதப்பட்டவை. ராணுவக் குழுவில் வயலின் வரிசைகள் இல்லை. ஆகவே வயலினுக்குரிய விரைவான வரிகளைக் கிளாரினெட்டுகள் ஏற்க, செல்லோவின் கனிந்த குரலை யூஃபோனியம் என்னும் நடுத்தரப் பித்தளைக் கருவியும் சாக்ஸபோனும் பகிர்ந்துகொள்ள, அடித்தளத்தை டியூபா தாங்குகிறது. வில்லை இழுப்பவர் இடைவிடாது ஒரு ஸ்வரத்தை நீட்டலாம். ஊதுபவருக்கு மூச்சு வேண்டும். அதனால் வரிசையில் உள்ளவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் மூச்செடுக்காமல், ஒருவர் நிறுத்தும் கணத்தில் அடுத்தவர் தாங்கிப் பிடிக்கும் வகையில் பயிற்சி பெறுகின்றனர்.

அயர்லாந்தின் சொந்த மெட்டுகள் வேறுவகைச் சவாலைத் தருகின்றன. ஆறு எட்டுத் தாளத்தில் துள்ளும் ஜிக் என்னும் நடனமெட்டு அணிவகுப்பு நடைக்கு எளிதில் பொருந்திவிடும்; ஆனால் மெதுவாகப் பாடப்படும் பழம்பாடல்கள் கட்டான தாளத்துக்குள் அடங்காமல், பாடுபவரின் உணர்வுக்கேற்ப நீண்டும் குறுகியும் ஓடுபவை. ஒரே அடியில் கால் எடுத்துவைக்கப் பழகிய பெருங்குழு, அத்தகைய நெகிழ்ச்சியைக் குலையாமல் வாசிப்பதே உண்மையான தேர்ச்சி எனலாம். பிராசே இம்மெட்டுகளைக் கோத்து 'ஐரிஷ் ஃபேன்டசியா' என்ற பெயரில் கச்சேரிப் படைப்புகளை இயற்றினார். தேசிய கீதத்தின் மெட்டை இசைக்குழு வாசிப்பதற்கேற்ப வடிவமைத்தும் தந்தார்.

அரசுச் சடங்குகளிலும் நுட்பம் குறைவன்று. குடியரசுத் தலைவருக்கான மரியாதை இசை, தேசிய கீதத்தின் முதல் நான்கு தாளவட்டங்களையும் இறுதி ஐந்தையும் இணைத்து உருவானது. பிரதமருக்கு 'மோர் க்ளூவனா' என்னும் பழைய மெட்டு வாசிக்கப்படுகிறது. அயல்நாட்டுத் தலைவர் வருகை தரும்போது அவர் நாட்டின் கீதத்தையும் பிழையின்றி வாசிக்க வேண்டும்.

இப்பள்ளியின் பயன் படைமுகாமுக்குள் அடங்கிவிடவில்லை. பிராசே 1927இல் டப்ளினில் பில்ஹார்மோனிக் சங்கம் ஒன்றை உருவாக்கி, பாடகர் குழுவுடன் பெரும் படைப்புகளை அரங்கேற்றினார். அவரிடம் பயின்ற மைக்கேல் பௌல்ஸ், 1940களில் அயர்லாந்து வானொலியின் இசை இயக்குநராக விளங்கி, பின்னர் நியூசிலாந்தின் தேசிய ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தச் சென்றார். பிராசே 1940இல் டப்ளினில் காலமானார். அவர் தொடங்கிவைத்த பள்ளியின் வழிவந்த குழுக்கள் இன்றும் டப்ளினிலும் கார்க்கிலும் அத்லோனிலும் வாசித்துவருகின்றன.