அறுந்த இடத்திலிருந்து தொடரலாம்

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை ஊருக்குப் போகமுடியாத நிலை எம்மில் பலருக்கும் தெரிந்ததே. யாழ்ப்பாணத்தில் அம்மா காலமானபோது நானும் இங்கேதான் இருந்தேன். தம்பி செத்தவீட்டை ஒளிப்பதிவு செய்து, கோப்புகளை ஏற்றிவைக்கும் ஓர் இணையச் சேவையில் போட்டு இணைப்பை அனுப்பினான். ஏறக்குறைய 5 கிகாபைட். ஏழு நாட்களில் அழிந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது.

முகாம் அறையில் கைத்தொலைபேசி வழியாக வரும் இணையம்தான். மூன்று இரவுகள் உலாவியில் இறக்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் நடுவில் அறுந்து, மறுபடி முதலிலிருந்தே தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய டேட்டாவும் முடிந்தது.

பக்கத்து அறை இளைஞர் ஒருவர், "அண்ணை, உங்கட பழைய கணனியில லினக்ஸ்தானே இருக்கு? உலாவியை விடுங்கோ" என்று சொல்லிக் காட்டித்தந்த வழி இது. உங்களுக்கும் உதவலாம்.

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் 'டபிள்யூகெட்' என்ற சிறு கருவி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தொலைபேசிக் கம்பியில் இணையம் ஊர்ந்து வந்த 1996இல் வெளிவந்தது. அறுந்த இடத்திலிருந்து தொடர்வதில் கெட்டிக்காரன்.

முதலில் உலாவியில் இறக்கத்தைத் தொடக்கி, உடனே நிறுத்துங்கள். இறக்கப் பட்டியலில் அந்தக் கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி, இணைப்பைப் பிரதி செய்யுங்கள். தம்பி அனுப்பிய இணைப்பை அப்படியே கொடுத்தால் கோப்பு வராது, அந்தப் பக்கம் மட்டுமே வரும். கடிதத்தை விட்டு உறையை வாங்கிய கதைதான்.

பின்னர் 'டெர்மினல்' சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் டபிள்யூ, ஜி, ஈ, ரி என்ற நான்கு சிறிய எழுத்துக்களைச் சேர்த்து அடியுங்கள். இடைவெளி விட்டு, சிறுகோடும் சிறிய 'சி'யும். மீண்டும் இடைவெளி விட்டு, சிறுகோடும் பெரிய 'ஓ'வும், அடுத்து நீங்கள் கோப்புக்கு வைக்கும் பெயரும். கடைசியாக, ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இணைப்பு. மேற்கோளை மறந்தால், இணைப்பில் 'அன்ட்' குறி வரும் இடத்தில் கட்டளை முறிந்துவிடும்.

இணையம் அறுந்தால் கருவி தானாகவே 20 தடவை வரை முயலும். அதற்கும் மேல் நின்றுவிட்டால், மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி அதே கட்டளையை மீண்டும் கொடுங்கள். இணைப்புக் காலாவதியானால் புதியதைப் பிரதி செய்து, கோப்பின் பெயரை மட்டும் மாற்றாமல் விடுங்கள். சில சேவைகள் இப்படித் தொடர இடம்கொடுப்பதில்லை. அனுப்புபவரிடம் முன்கூட்டியே வேறு சேவையைக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். பென்டிரைவ் 'ஃபாட் 32' முறையில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. அடுத்து, பிறப்புச் சாட்சிப்பத்திரம், வழக்குக் கடிதங்கள் போன்றவற்றைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டாமல் இத்தகைய சேவைகளில் ஏற்றவேண்டாம். இணைப்புக் கிடைத்த எவரும் திறக்கலாம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஆறாம் நாள் விடியற்காலை கோப்பு முழுதாக வந்து சேர்ந்தது. தம்பிக்குத் தொலைபேசி எடுத்து அளவைச் சரிபார்த்தேன். பிறகு மனைவி பிள்ளைகளை எழுப்பினேன். படலையடியில் நின்று அழுத பெண்களில் ஒவ்வொருவரையும் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டினேன்.