சிறுவர் டேப்லெட்டும் அதற்கேற்ற உறையும்

முன்னாளிற் பள்ளிச் சிறுவரின் பையில் சிலேட்டிருந்த இடத்தில், இந்நாளிற் பல இல்லங்களில் டேப்லெட் என்னும் பலகைக் கணினி வந்தமைந்திருக்கின்றது. 2010-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் ஐபேட் என்பதனை வெளியிட்ட பின்னர் இக்கருவி உலகெங்கும் பெருவழக்காயிற்று. சிலேட்டு வீழ்ந்துடைந்தால் சிறு பொருளோடு போயிற்று. இஃது உடையுமாயின் எளிய குடும்பமொன்றின் ஒரு மாத வருவாயிற் பெரும்பகுதி போய்விடும். அப்பொருளிழப்பினும் பெரிய இழப்பு வேறொன்றுண்டு. உடைத்த பழியைச் சுமந்த குழந்தை பின்னர்க் கருவியைத் தொடவும் அஞ்சுகின்றது. அஞ்சிய கை கற்பதில்லை. ஆதலின் ஏற்றதோர் உறையைத் தேர்ந்தெடுக்கும் வகையினை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், வீழ்ந்த கருவி உடைவது எதனால் என்பதை அறிதல் வேண்டும். ஒரு மீட்டர் உயரத்தினின்று வீழும் பொருள் தரையைத் தொடுங்கால் ஏறத்தாழ நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தோடு வருகின்றது. அவ்வேகம் எவ்வளவு தொலைவிற்குள் அடங்குகின்றதோ அதனைப் பொறுத்ததே தாக்குதலின் வன்மை. ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்குமாயின், பொருளின்மேல் விழும் சராசரி விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ 1000 மடங்காகும். மெத்தென்ற பொருளொன்று நசுங்கி இடங்கொடுத்து 5 மில்லிமீட்டருக்குள் அடங்கச் செய்யுமாயின் 200 மடங்கே ஆகும். உயர்ந்த தென்னையினின்று வீழும் நெற்று உடையாது கிடப்பதையும், மட்டை உரித்த தேங்காய் கல்லில் மோதிய மாத்திரத்திற் பிளப்பதையும் நாம் நாடோறும் காண்கின்றோம். நாரின் வேலை யாதோ அதுவே உறையின் வேலை. இன்னும், கருவி மூலைப்பட வீழுங்கால் விசை முழுதும் ஒரு சிறிய இடத்திற் குவிதலால், கண்ணாடி அங்கிருந்து வெடித்துப் பரவுதல் இயல்பு. எனவே உறையின் நான்கு மூலைகளும் ஏனைய பக்கங்களினும் தடித்திருத்தல் வேண்டும். குப்புற வீழினும் கண்ணாடி தரையிற் படாதவாறு விளிம்பு திரையினும் சற்றே உயர்ந்திருத்தலும் இன்றியமையாதது.

இனி உறைகளின் வகைகளைக் கூறுவாம். தோல்போன்ற மெல்லிய மடிப்புறை பார்வைக்கு அழகியது. திரையிற் கீறல் விழாது காப்பது. ஆயின் மூலைகளைப் பெரும்பாலும் காவாது. சிலிக்கோன் உறை கைக்கு வழுக்காதது. எனினும் தூசியை ஈர்ப்பதோடு நாளடைவில் தளர்ந்து கழன்றுபோதலும் உண்டு. ஈ.வி.ஏ. என்னும் நுரைப்பொருளாற் செய்து கைப்பிடி வைத்த உறை, எடை குறைந்து தாக்குதலை நன்கேற்பதாதலின் ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றது. அதன் பருமனே அதன் குறை. உட்புறம் மெத்தென்ற டி.பி.யூ.வும் வெளிப்புறம் வன்மையான பாலிகார்பனேட்டும் அமைந்த இரட்டையுறை, பத்து வயதுக்கு மேற்பட்டுப் பையிற் சுமந்து செல்லும் மாணவர்க்குப் பொருந்தும்.

உறை கருவிக்கு அளவாய்ப் பொருந்துதல் அடுத்துக் கவனிக்கத்தக்கது. பெயரொன்றே பற்றி வாங்குவார் ஏமாறுவர். சான்றாக, 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்பதாந் தலைமுறை ஐபேட் 10.2 அங்குலத் திரையும், கீழே வட்டப் பொத்தானும் உடையது. 2022-இல் வந்த பத்தாந் தலைமுறையோ 10.9 அங்குலத் திரையுடையது. அதன் முன்புறக் கேமரா நீண்ட பக்கத்திற்கு மாற்றப்பட்டது. ஒன்றன் உறை மற்றொன்றிற்குப் பொருந்தாது. ஆதலின் கடைக்குச் செல்லுமுன் கருவியின் மாதிரி எண்ணை அதன் அமைப்புப் பக்கத்திற் பார்த்துக் குறித்துக்கொள்ளல் நலம்.

விளம்பரங்களில் "இராணுவத் தரம்" என்றொரு தொடர் மிகுதியும் காணப்படுகின்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்.டி.டி.-810 என்னும் சோதனை நெறியையே அது குறிக்கும். அந்நெறியில், சுமந்து செல்லும் சிறு பொருள்களை 122 சென்டிமீட்டர் உயரத்தினின்று முகங்கள், விளிம்புகள், மூலைகள் யாவும் படுமாறு 26 முறை வீழ்த்தும் சோதனையொன்றுண்டு. ஆனால் அவ்வளவையும் ஒரே பொருள் தாங்க வேண்டுமென்பதில்லை. ஐந்து மாதிரிகள் வரை பகிர்ந்துகொள்ளலாம். அன்றியும், கடையில் விற்கும் உறைகளுக்கு அத்துறையார் நற்சான்று வழங்குவதில்லை. எவ்வுயரத்தினின்று, எத்தரையின்மேல், எத்தனை முறை வீழ்த்தினர் என்பதை விளங்கக் கூறும் நிறுவனத்தின் சொல்லுக்கே நாம் மதிப்பளித்தல் வேண்டும்.

காவல் மிகுதியாயின் சுமையும் மிகுமென்பதை மறத்தலாகாது. 2020-ஆம் ஆண்டின் இந்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடலெடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாதென வகுத்துள்ளது. 25 கிலோகிராம் எடையுள்ள சிறுவனுக்கு அஃது இரண்டரைக் கிலோகிராமே. மேற்கூறிய பத்தாந் தலைமுறைக் கருவி 477 கிராம் எடையுள்ளது. அதற்கு அரைக் கிலோகிராம் எடையுள்ள உறையொன்றைப் பூட்டுவோமாயின், சுமக்கத்தகும் எடையில் ஐந்தில் இரு பங்கு அதற்கே சென்றுவிடும். எஞ்சியதில் நூல்களும் உணவும் நீரும் அடங்குதல் வேண்டும். வீட்டிலேயே வைத்துப் பயிலும் குழந்தைக்குத் தடித்த உறையும், நாடோறும் பள்ளிக்குச் சுமப்பவனுக்கு மூலை மட்டும் தடித்த மெல்லுறையும் தகும்.

வெப்பமும் நீரும் கருதத்தக்கன. ஐபேட் கருவியை 35 பாகை செல்சியசிற்கு மேற்பட்ட சூழலிற் பயன்படுத்தலாகாதென அதனைச் செய்தோரே கூறுகின்றனர். நம் கோடையோ அதனை எளிதிற் கடக்கின்றது. மின்னேற்றுங்கால் கருவி சூடேறுமாயின் உறையைக் கழற்றிவிடுதல் வேண்டும்; ஆதலின் பெரியோர் கையால் எளிதிற் கழற்றத்தக்க உறையே நன்று. வீழ்ச்சியைத் தாங்கும் உறை நீரையும் தடுக்குமென்று எண்ணலாகாது. தண்ணீர்க் குப்பியைப் பையின் வெளியறையில் வைக்கப் பழக்குதலே அதற்குத் தக்க காவல்.

வாங்குமிடத்துக் குழந்தையையும் உடனழைத்துச் செல்க. அதன் சிறு கை உறையைப் பற்றக் கூடுமா, பொத்தான்கள் அழுந்துகின்றனவா, மின்கம்பி தடையின்றி நுழைகின்றதா, நிறுத்தி வைத்துத் திரையைத் தொட்டால் சாயாது நிற்கின்றதா என்பவற்றை அக்குழந்தையே செய்து பார்க்கட்டும். வாங்கிய பின்னரும் பருவத்திற்கொரு முறை உறையைக் கழற்றி, உள்ளே சேர்ந்த மணலைத் துடைத்து, மூலைகள் தளர்ந்தனவா எனப் பார்த்தல் வேண்டும்.

இத்துணையும் செய்தபின்னரும் ஒருநாள் கருவி வீழ்ந்து உடைதல் கூடும். வீழ்த்துதல் வளருங் கைகளுக்கு இயல்பு. அந்நாளிற் கண்ணாடித் துண்டு குழந்தையின் விரலிற் பட்டதா என்று முதலிற் பார்த்து, கருவியின் செய்தியைப் பின்னர்க் கேட்டலே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையென்று நாம் கருதுகின்றோம்.