தேமல் விழுந்த இலை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

புகையிலைக்கு வரும் தேமலை நான் முதலில் பார்த்தது பாடப்புத்தகத்தில் அல்ல. என் அம்மா கூலிக்குப் போகும் தோட்டத்தில். பச்சை இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். மனிதர் தோலில் விழும் தேமலைப் போல் இருப்பதால் அந்தப் பெயர். அத்தகைய இலை சரியாக வளராது, விலையும் போகாது.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆண்டு, அம்மா கொழுந்து கிள்ளிய வரிசைகளில் தேமல் மிகுதியாகத் தெரிந்தது. "உனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி, தோட்டக்காரர் அந்தப் பருவம் முழுவதும் அம்மாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. அன்றிரவு அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

இந்த ஆண்டு தாவர நோயியல் வகுப்பில்தான் அந்தத் தேமலின் பின்னாலேயே பல ஆண்டுகள் நடந்த ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் ருஷ்ய நாட்டுத் தாவரவியலார் திமித்ரி இவானோவ்ஸ்கி.

1864-ஆம் ஆண்டு பிறந்த இவானோவ்ஸ்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1887-இல் உக்ரைன், பெசராபியா பகுதிகளில் புகையிலைப் பயிர் நோயால் அழிந்தது. காரணம் கண்டறிய இருவரை அனுப்பினார்கள். ஒருவர் இவானோவ்ஸ்கி, மற்றவர் பொலோவ்த்சேவ். இருவரும் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார்கள். எல்லோரும் ஒரே நோய் என்று எண்ணியது உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். அவற்றுள் ஒன்றுதான் தேமல் நோய்.

இந்நோயை முன்னரே ஆராய்ந்தவர் ஹாலந்தில் பணியாற்றிய அடால்ஃப் மாயர். நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால் அதுவும் நோயுறும் என்பதை அவர் 1886-இல் வெளியிட்டார். அப்படியானால் சாற்றில் ஏதோ ஒரு கிருமி இருக்க வேண்டும். அது எது?

அக்காலத்தில் கிருமி என்றாலே பாக்டீரியாதான். அதைப் பிடிக்கச் சரியான வலையும் இருந்தது. பாஸ்டரின் சோதனைச்சாலையில் சேம்பர்லாண்டு என்பவர் செய்த வடிகட்டி அது. மெருகிடாத பீங்கானால் ஆன மெழுகுவர்த்தி போன்ற குழாய். அதன் துளைகள் வழியே நீர் கசியும், பாக்டீரியா செல்லாது. இவானோவ்ஸ்கி நோயுற்ற இலைகளை அரைத்து, சாற்றை அதில் வடித்தார். தெளிந்து வந்த நீரை நல்ல செடியில் செலுத்தினார். நோய் வரக்கூடாது, ஆனால் வந்தது!

நண்பர்களே, செய்முறை வகுப்பில் புத்தகத்துக்கு மாறான விடை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து மேசை நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறோம். நானும் செய்திருக்கிறேன். இவானோவ்ஸ்கிக்கும் வடிகட்டியில் விரிசல் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. ஆயினும் கண்டதை மறைக்கவில்லை. 1892-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் முன் அதை அப்படியே வைத்தார்.

அவர் சொன்ன விளக்கம் தவறானது என்பதையும் சொல்ல வேண்டும். பாக்டீரியா கக்கிய நஞ்சாக இருக்கலாம், அல்லது மிகச் சிறிய பாக்டீரியாவே துளை வழியே நுழைந்திருக்கலாம் என்றுதான் அவர் கருதினார். 1898-இல் ஹாலந்தைச் சேர்ந்த பெய்ஜரிங்க் அதே சோதனையைத் தனியே செய்து, இது பாக்டீரியாவே அல்ல, உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும் புதுவகைப் பொருள் என்றார். 'வைரஸ்' என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்தினார். முதலில் கண்டவர் இவானோவ்ஸ்கி என்பதைப் பின்னர் அவர் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார்.

வார்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான இவானோவ்ஸ்கி, 1903-இல் தேமல் நோய் பற்றிய தம் பெரிய ஆய்வேட்டை வெளியிட்டார். நோயுற்ற செல்களுக்குள் படிகங்கள் இருப்பதையும் அதில் குறித்தார். அதன்பின் பச்சையத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் திரும்பினார். முதல் உலகப் போரின்போது, 1915-இல், பல்கலைக்கழகம் ரஸ்தோவ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கேயே 1920-இல் காலமானார். தாம் பிடித்தது எது என்பதைக் கண்ணால் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1935-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி இவ்வைரஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1939-இல் மின்னணு நுண்ணோக்கி அதன் உருவத்தைக் காட்டியது. நீளம் 300 நானோமீட்டர், குறுக்களவு 18 நானோமீட்டர் கொண்ட குச்சி அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குச்சிகளை நீளவாக்கில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்! உள்ளே ஆர்.என்.ஏ., வெளியே புரத உறை, அவ்வளவுதான்.

இனி அம்மாவின் கைக்கு வருவோம். இந்த வைரஸ் பரவப் பூச்சி தேவையில்லை. நோயுற்ற செடியைக் கிள்ளும்போது சாறு விரலில் ஒட்டுகிறது. அடுத்த செடியைக் கிள்ளினால் அந்தச் சிறு காயத்தின் வழியே உள்ளே போகிறது. காய்ந்த புகையிலையிலும் இது ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருப்பதால், பீடி பிடித்த கையும் புகையிலை போட்ட கையும்கூட நோயைக் கொண்டுபோகலாம். ஆகவே நோயைப் பரப்பியதில் அம்மாவின் கைக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் அது ராசியால் அல்ல. பீடியைப் பிடித்தபடி நாற்றங்காலைத் தடவிப் பார்க்கும் தோட்டக்காரரின் கையும் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

சென்ற விடுமுறையில் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். நோயுற்ற நாற்றைப் பிடுங்கிவிட வேண்டும். நல்ல செடிகளை முதலில் கிள்ளி, தேமல் செடிகளைக் கடைசியில் தொட வேண்டும். நடுவே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலை நேரத்தில் புகையிலை போடக்கூடாது. அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என் கையில குத்தம் ஒண்ணும் இல்லையா சாமி?"

"இல்லைம்மா. கையில செடிச் சாறுதான் இருந்துச்சு."

அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும்போது, சோற்றுத் தூக்கோடு ஒரு துண்டுச் சோப்பையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.