மாட்ரிட்டிலிருந்து ஒரு நாள் பயணங்கள்
குடும்பத்தோடு செல்வோருக்குச் சில யோசனைகள்

ஐரோப்பியத் தலைநகரங்கள் என்றதும் லண்டனும் பாரிஸுமே நம் நினைவில் முந்தி நிற்கின்றன. ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட் நம் வீடுகளின் பேச்சில் அதிகம் இடம்பெறுவதில்லை. ஆயினும், காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடக் கூடிய தொலைவில், ஒரு முஸ்லிம் குடும்பம் தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய வரலாறு அந்நகரைச் சுற்றிக் குவிந்து கிடக்கின்றது.

அந்நகரைத் தோற்றுவித்தவரே ஒரு முஸ்லிம் ஆட்சியாளர்தாம். குர்துபாவை ஆண்ட உமையா அமீர் முதலாம் முஹம்மத், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மன்ஸனாரெஸ் ஆற்றங்கரை மேட்டில் ஒரு கோட்டையை எழுப்பினார். ‘மஜ்ரீத்’ என அது வழங்கப்பட்டது. அதுவே இன்றைய மாட்ரிட். அக்கோட்டை மதிலின் எஞ்சிய பகுதியை அல்முதேனா பேராலயத்தின் அருகே, அந்த அமீரின் பெயர் தாங்கிய பூங்காவில் இன்றும் காணலாம். ‘அல்முதேனா’ என்ற பெயரும் ‘சிறு நகர்’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபே.

பார்க்க வேண்டியவை இவ்வளவு இருப்பதே குடும்பத்தோடு செல்வோருக்குப் பெரும் சோதனையாகிவிடுகிறது. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எதையும் விட்டுவிடக் கூடாது’ என்று ஒரே நாளில் இரண்டு ஊர்களைப் பார்க்க முனைவோர் பலர். அந்நாளின் முடிவில் பிள்ளைகளின் நினைவில் நிற்பவை ரயில் நெரிசலும் கால் வலியுமே. ஆகவே ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளுக்கு ஓர் ஊர், ஓர் ஊரில் இரண்டே இடங்கள். மூன்றாவது இடம் கிடைத்தால் அதை உபரியாகக் கொள்ளுங்கள்.

தொழுகையும் நாளின் திட்டமும்

தொழுகை நேரத்தை வைத்தே நாளை வகுப்பது நமக்கு எளிது. ஸ்பெயினின் கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. கோடையில் அங்கு உச்சிப் பொழுது பிற்பகல் இரண்டேகால் மணியளவில்தான் வருகிறது. ஜூன் மாதத்தில் மக்ரிப் இரவு ஒன்பதே முக்காலைத் தாண்டிவிடும். எனவே கோடையில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால், லுஹர் நேரம் வருவதற்குள் ஊர் பார்க்கும் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் அஸர் என்பதால் தங்குமிடம் திரும்பியே அதைத் தொழலாம்.

குளிர்காலத்தில் நிலைமை வேறு. டிசம்பரில் லுஹர் ஒன்றேகால் மணிக்கு வந்தால், இரண்டரை மணி நேரத்திற்குள் அஸரும் வந்துவிடும். ஆறு மணிக்கு முன்னரே மக்ரிப். மூன்றும் பயணத்தின் நடுவே வருவதால், அப்பருவத்தில் அருகிலுள்ள ஊர்களையே தேர்ந்தெடுங்கள். பயணத் தொழுகையைச் சுருக்குவதற்கும் சேர்ப்பதற்கும் உரிய தொலைவு, தங்கும் நாட்கள் ஆகியவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. துலைத்துலா சுமார் 70 கிலோ மீட்டர். குர்துபாவோ சாலை வழியே ஏறத்தாழ 400 கிலோ மீட்டர். உங்கள் பயண விவரத்தைச் சொல்லி, புறப்படும் முன்பே ஊர் ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்ரிட்டில் கிப்லா கிழக்கு. சற்றே தெற்கு நோக்கிச் சாய்ந்தது. சிறிய விரிப்பு ஒன்றும், திசைகாட்டி ஒன்றும், உளூவுக்கு ஒரு புட்டி நீரும் பையில் இருக்கட்டும். திசை பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர்களுக்கு அது பெருமையாகவும் இருக்கும். வெள்ளிக்கிழமையைத் தலைநகருக்கே ஒதுக்கிவிடுங்கள். 1992-இல் திறக்கப்பட்ட இஸ்லாமியப் பண்பாட்டு மையத்தின் பெரிய பள்ளிவாசல் எம்-30 வட்டச் சாலையை ஒட்டி இருக்கிறது. தெத்துவான் பகுதியில் அபூபக்ர் பள்ளிவாசல் உள்ளது. ஜும்ஆவுக்குப் பின் அமீரின் மதிலைப் பார்த்து வந்தால் அன்றைய நாள் நிறைந்துவிடும்.

துலைத்துலா: முதல் நாளுக்கு ஏற்ற ஊர்

அரபியர் துலைத்துலா என்றழைத்த தொலேதோவுக்கு, அத்தோச்சா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். தாகோ ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட, குன்றின் மேல் அமைந்த ஊர் இது. ஏற்றம் அதிகம். முதியோர் உடன் வந்தால், மதிலோரமாக நகராட்சி அமைத்துள்ள நகரும் படிக்கட்டுகளில் ஏறி, நடந்து இறங்கும்படி வழியை வகுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே காண வேண்டிய முதல் இடம், பாப் அல்மர்தூம் வாயிலருகே உள்ள சின்னஞ்சிறு பள்ளிவாசல். ஒரு பக்கம் எட்டு மீட்டர் அளவே உள்ள சதுரக் கட்டடம். உள்ளே ஒன்பது சிறு கூரைகள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கிக் கூஃபி வடிவில் ஒரு வாசகம் அமைத்துள்ளனர். கட்டுவித்தவர் பெயரும், கட்டியவர் பெயரும், ஹிஜ்ரி 390 முஹர்ரம் என்ற காலமும் அதில் உள்ளன. கி.பி. 999-இன் இறுதியை ஒட்டிய காலம் அது. மக்தபில் அரபு எழுத்துப் பயின்ற உங்கள் பிள்ளையை அதன் முன் நிறுத்தி, அடையாளம் தெரிகின்ற எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். வழிகாட்டி நூலால் தர முடியாத அனுபவம் அது.

1085-இல் ஆறாம் அல்ஃபோன்ஸோ மன்னர் துலைத்துலாவைக் கைப்பற்றினார். பின்னர் இப்பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. ஆனால் ஊரின் கல்வி அத்துடன் அழிந்துவிடவில்லை. விண்ணாய்வாளர் அல்ஸர்காலி வாழ்ந்த ஊர் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து ஜெரார்டு என்பவர் இங்கு வந்து தங்கி, இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூல் உட்படப் பல அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைப் பயின்றன.

இரண்டாவது இடமாக, சாந்த்தா மரியா லா பிளாங்கா என்ற பழைய யூத ஆலயத்தைக் கொள்ளலாம். கிறிஸ்தவ மன்னர் ஆட்சியில், யூதர்களுக்காக, குதிரை லாட வடிவ வளைவுகளுடன் முஸ்லிம் கலைப் பாணியில் கட்டப்பட்டது அது. மூன்று சமூகங்கள் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்தமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பாதாமும் சீனியும் சேர்த்துச் செய்யும் மஸப்பான் இவ்வூரின் புகழ்பெற்ற இனிப்பு.

குர்துபா: முன்கூட்டிப் பேச வேண்டிய பயணம்

1992-இல் தொடங்கிய அதிவேக ரயிலில் குர்துபா ஒன்றே முக்கால் மணி நேரப் பயணமே. பயணச் சீட்டை முன்னதாக வாங்கினால் செலவு கணிசமாகக் குறையும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கு வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் வசந்தத்திலோ அக்டோபரிலோ செல்லுங்கள். ஞாயிறு காலையில் வழிபாடு நடைபெறுவதால் அந்நாளைத் தவிர்ப்பது நலம்.

சிரியாவிலிருந்து உயிர் தப்பி வந்த உமையா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான், 785 வாக்கில் இங்கே பெரிய பள்ளிவாசலைத் தொடங்கினார். பின்வந்தோர் இருநூறு ஆண்டுகளாக அதை விரிவாக்கினர். 850-க்கும் மேற்பட்ட தூண்கள், சிவப்பும் வெண்மையும் மாறி மாறி வரும் இரட்டை வளைவுகள், தங்கம் இழைந்த மிஹ்ராப் ஆகியவற்றைப் பார்ப்போர் சொல்லிழந்து நிற்பர். அந்த மிஹ்ராப் இன்றைய கணக்கின்படியான கிப்லாவைவிடத் தெற்கே வெகுவாகத் திரும்பியிருப்பதைத் திசைகாட்டி வைத்திருக்கும் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

1236-இல் நகரம் மூன்றாம் ஃபெர்தினாந்து மன்னர் வசமானபோது இது பேராலயம் ஆக்கப்பட்டது. இன்றும் பேராலயமே. அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. 1933-இல் கவிஞர் இக்பால் இங்கு தொழுதார். குர்துபாப் பள்ளிவாசலைப் பற்றிப் புகழ்பெற்ற கவிதையும் இயற்றினார். ஆனால் 2010-இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் குழுவினரில் சிலர் தொழ முற்பட்டபோது, காவலர்களுடன் மோதல் ஏற்பட்டுக் கைதும் நடந்தது.

ஆகவே இதைப் பிள்ளைகள் வாயிலில் வைத்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். முந்தைய இரவே அமரவைத்துச் சொல்லுங்கள். “அது நம் முன்னோர் கட்டியதுதானே? நாம் ஏன் தொழக் கூடாது, வாப்பா?” என்று கேட்பார்கள். அக்கேள்விக்குக் கோபத்தாலும் பதில் சொல்லலாம், நியாயத்தாலும் சொல்லலாம். நியாயமாகச் சொல்வதற்கு வரலாறே உதவுகிறது. 1523-இல் பள்ளிவாசலின் நடுப்பகுதியை இடித்து ஆலயக் கூடம் எழுப்ப ஆயர் முனைந்தபோது, அதை எதிர்த்தவர்கள் குர்துபா நகர மன்றத்துக் கிறிஸ்தவர்களே. இடிக்கும் வேலையில் இறங்குவோருக்கு மரண தண்டனை என்றே அவர்கள் அறிவித்தார்கள். முடிவில் மன்னரின் அனுமதியோடு பணி நடந்தது. எனினும், தம் சமயத்தவர் அல்லாதோர் கட்டிய அழகுக்காக உள்ளூர் மக்கள் நின்றார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகளின் உள்ளத்தில் கசப்பு தங்காது. இழந்தோம் என்ற துயரத்துடன், இப்படியும் கட்டினார்களே என்ற வியப்பும், நாம் என்ன கற்கிறோம் என்ற கேள்வியும் எழும். அக்கேள்விக்காகவே இப்பயணம்.

லுஹருக்கு, கொலோன் சதுக்கத் தோட்டத்தில் மொராபித்தோ என்ற சிறு பள்ளிவாசல் உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முன்னதாகக் கேட்டறியுங்கள். நாரத்தை மரங்கள் நிறைந்த பள்ளிவாசல் முற்றத்தில் சற்று அமருங்கள். ஸ்பானியர் ‘நரன்ஹா’ என்பதும் அரபியர் ‘நாரஞ்ச்’ என்பதும் நம் நாரத்தையோடு உறவுடைய சொற்கள். இவற்றின் வேர் திராவிட மொழியில் உள்ளது என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. நகருக்கு வெளியே 8 கிலோ மீட்டரில் உள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவை இந்த ஒரு நாளில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனி நாள் வேண்டும்.

களைப்பாற ஒரு நாள்

பெரிய பயணத்திற்கு மறுநாள் இலகுவாக இருக்கட்டும். அல்கலா தே எனாரெஸ் புறநகர் ரயிலில் முக்கால் மணிக்கும் குறைவான தூரம். பெயரிலேயே ‘அல்கல்ஆ’, அதாவது கோட்டை, இருக்கிறது. கூரைகளின் மேல் நாரைகள் கூடு கட்டியிருப்பது பிள்ளைகளைக் கவரும். ‘தோன் கிஹோத்தே’ எழுதிய செர்வாந்தெஸ் 1547-இல் பிறந்த ஊர் இது. அக்கதையை முதலில் எழுதியவர் ஓர் அரபு வரலாற்றாசிரியர் என்றும், அதன் ஏடு துலைத்துலாக் கடைத்தெருவில் கிடைத்தது என்றும் அவர் கற்பனை செய்திருப்பது சுவையான செய்தி.

சிறு குழந்தைகள் இருந்தால், ஓடியாட அரண்மனைத் தோட்டங்கள் உள்ள அரன்ஹுவெஸ் போதும். செகோவியாவின் ரோமானிய நீர்க் கால்வாய்ப் பாலம் சாந்து ஏதுமின்றிக் கற்களை அடுக்கியே கட்டப்பட்டது. பள்ளி மாணவர்கள் அவசியம் காண வேண்டும். ஆனால் அவ்வூரின் பெயர்பெற்ற உணவு பன்றிக்குட்டி வறுவல் என்பதால் சாப்பாட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

உணவில் விழிப்பு

ஸ்பெயினில் பன்றி இறைச்சி எதிர்பாராத இடங்களில் வரும். காய்கறிக் கூட்டிலும், குர்துபாவின் தக்காளிக் குளிர்சூப்பிலும் அதைத் தூவுவார்கள். ‘மாந்தெகாதோ’ போன்ற சில இனிப்புகளில் அதன் கொழுப்பு சேர்கிறது. வினாவாமல் எதையும் வாங்காதீர்கள். மீன், முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தொர்த்தியா, ரொட்டி, ஸைத்தூன் காய் ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். அவற்றையும் கேட்டே உண்ணுங்கள். மாட்ரிட்டின் லவாபியெஸ் பகுதியில் ஹலால் கடைகள் உள்ளன. உணவகங்களில் மதியச் சாப்பாடு இரண்டு மணியை ஒட்டியே தொடங்கும். அதுவரை பிள்ளைகள் பசி தாங்குவதற்குப் பேரீச்சம்பழமும் ரொட்டியும் கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். நாளைத் தேர்ந்தெடுக்கும் முன் விசாரியுங்கள். கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். ரயிலில் திரும்பும்போது அன்று கேட்ட அரபு வேர்ச்சொற்களைப் பிள்ளைகள் எண்ணட்டும். சீனிக்கு ‘அஸூகார்’, எண்ணெய்க்கு ‘அஸெய்த்தே’ எனப் பட்டியல் நீளும். நல்லதொன்று நடக்க வேண்டும் என விரும்பும்போது ஸ்பானியர் ‘ஓஹலா’ என்கின்றனர். ‘அல்லாஹ் நாடினால்’ என்ற பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்தது அது. ஆட்சி போய் ஐந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அச்சொல் அவர்கள் நாவில் வாழ்கிறது. அதைப் பிள்ளைகள் தம் காதால் கேட்டுத் திரும்பினால், உங்கள் பயணம் பயனுடையதே.