ஏ.ஆர். காப்பி எங்கே?

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டது?" என்பதுதான். கால் எலும்பு நொறுங்கிக் கிடப்பவருக்காகக் கூட வந்தவர் முந்திக்கொண்டு சொல்கிறார்: "பைக்ல ஸ்லிப் ஆகி விழுந்துட்டாருங்க." பின்னால் வந்து இடித்த வேன்காரரும் பக்கத்திலேயே நிற்கிறார். ஆஸ்பத்திரிச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். போலீஸ், கேஸ் என்று அலைய யாருக்கும் மனமில்லை. "தானாகக் கீழே விழுந்ததாகக் கூறுகிறார்" என்று விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இரண்டு மாதம் கழித்து வேன்காரர் போனை எடுப்பதில்லை. குடும்பம் அப்போதுதான் வக்கீலைத் தேடுகிறது. அவர் முதலில் கேட்பது ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். அந்த ஒரு வரியைப் படித்ததும் அவர் முகம் மாறும். எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலுக்கும் அந்த வரி போதும். "சம்பவத்தன்று டாக்டரிடமே தானாக விழுந்ததாகச் சொன்னவர், இப்போது எங்கிருந்து வேனைக் கொண்டுவந்தார்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார். அதற்குப் பதில் சொல்லித் தப்புவது எளிதல்ல.

பெருந்தன்மை என்று நினைத்து வேன்காரருக்காகப் பொய் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இழப்பீட்டுப் பணம் பெரும்பாலும் அவர் பையிலிருந்து வருவதில்லை. சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த பாலிசி நடப்பில் இருந்தால் பணத்தைக் கட்ட வேண்டியது காப்பீட்டு நிறுவனம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாத பல வழக்குகளில்கூட, அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் பிறகு வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து வந்து இடித்தது என்பதெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். வண்டி எண் தெரிந்தால் அதுவும்.

அடுத்தது காவல் நிலையம். ஸ்டேஷனில் "பேசி முடிச்சுக்கங்களேன்" என்ற யோசனை பல நேரம் காக்கிச் சட்டையிடமிருந்தே வருகிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்தாயிரம் ரூபாய், இரண்டு கையெழுத்து. வழக்குப் பதியும் வேலை மிச்சமாகிறது என்ற நிம்மதி ரைட்டருக்கு. ஆறு மாதம் கழித்துக் காலில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லும்போது அந்தப் பத்தாயிரம் எங்கே இருக்கும்? சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்புபவர்களும் உண்டு. அது மனு ஏற்புச் சீட்டு மட்டுமே, முதல் தகவல் அறிக்கை ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. அங்கும் வேலைக்கு ஆகவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதற்காக யாருக்கும் டீச்செலவு கொடுக்கத் தேவையில்லை.

போலீஸின் வேலை எஃப்.ஐ.ஆரோடு முடிந்துவிடுவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் இரண்டாம் எண் படிவத்தை அவர் கையில் கொடுக்கவும் வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அந்த இரண்டாம் எண் படிவத்தைக் கண்ணால் கண்ட குடும்பங்கள் எத்தனை என்று விசாரித்தால் போலீஸ் அதிகாரிகளுக்குத்தான் சங்கடம். கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

வழக்கு போடும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்ற வளாகத்திலும், மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களிலும் இயங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் மனு போட்டால் அதற்கு எம்.சி.ஓ.பி. எண் கிடைக்கும். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. உளுந்தூர்பேட்டை அருகே அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம்.

மனுவோடு போக வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், மருந்துக் கடை பில்கள், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மோதிய வண்டியின் ஆர்.சி. மற்றும் பாலிசி விவரம், வயதுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம். மருந்து பில்லைச் சுருட்டி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோவுக்கும் ஆம்புலன்ஸுக்கும் ரசீது வாங்குபவர்கள் அதைவிடக் குறைவு.

நாள் கெடு ஒன்று உண்டு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 1994 முதல் கெடுவே இல்லாமல் இருந்ததால், "எப்ப வேணா போட்டுக்கலாம்" என்று இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். 2019 திருத்தம் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்கில், தாமதம் என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். ஆறு மாதம். பிளாஸ்டர் பிரிக்கும் வரை காத்திருந்து, பிறகு பிசியோதெரபி முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள் கோட்டை விட்ட கதைகள் நிறைய.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் குருட்டுக் கணக்கு கிடையாது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த முப்பது வயதுக் கொத்தனார் ஒருவரின் சம்பாதிக்கும் திறன் 30 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 2,52,000. 26 முதல் 30 வயது வரை 17 ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009-ன் சரளா வர்மா தீர்ப்பு. பெருக்கினால் 42,84,000. அதில் 30 சதவீதம் 12,85,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாம் இதற்கு மேல். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்ட அந்தப் பத்தாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் 30 சதவீதம் என்ற எண்தான் சண்டைக்களம். மருத்துவ வாரியம் தரும் ஊனச் சான்று உடலைப் பற்றியது, தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது பிழைப்பை. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஒரு கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ கிட்டத்தட்ட முழுப் பிழைப்பையும் இழக்கிறார், அதே கையை இழந்த அரசு குமாஸ்தா வேலையில் தொடர முடியும். ஆகவே என்ன வேலை பார்த்தோம், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும். மேஸ்திரியோ முதலாளியோ வந்து சொன்னால் அதற்கு எடை உண்டு. வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்களுக்கும் உழைப்பின் மதிப்பைக் கணக்கிட்டுத்தான் தர வேண்டும். "ஹவுஸ் வைஃப்தானே" என்று எழுதித் தள்ள முடியாது.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் கதை முடிந்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முடியவில்லை. உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. மனு போக வேண்டியது வருவாய்த் துறைக்கு, கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்று ஏமாறாதீர்கள். விசாரணை அறிக்கை போனதும் ஆட்சியர் உத்தரவிடுவார். எஃப்.ஐ.ஆர். போட்டு ஒரு மாதமாகியும் வண்டி தெரியவில்லை என்றால், இந்தத் திட்டத்தைப் பற்றிக் குடும்பத்துக்குப் போலீஸே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த உத்தரவு பிறந்த பொதுநல வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன்.

உண்மையிலேயே தானாகச் சறுக்கி விழுந்தவர் என்ன செய்வது? சொந்தத் தவறுக்கு 166-ல் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் வண்டி உரிமையாளரே ஓட்டியிருந்து, லைசென்ஸும் நடப்பில் இருந்தால், பாலிசியிலேயே 15 லட்சம் ரூபாய் வரை தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்க வாய்ப்புண்டு. அதற்குத் தனியாக பிரீமியம் கட்டியிருப்பதை பாலிசித் தாளில் பார்க்கலாம். கட்டியதே தெரியாமல் அந்தத் தாளைப் பரணில் போட்டுவிடுகிறோம்.

வார்டுக்கே வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்களை அண்டவிடக் கூடாது. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

அரசுப் பேருந்து மோதிய வழக்குகளில் தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல் இழுத்தடிப்பது தனிக் கொடுமை. நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே போய், பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை ஜப்தி செய்யும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அதற்குள் வருடங்கள் ஓடிவிடுவதால் பலர் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்குச் சம்மதிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அங்கே போட்ட கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. மேலே காட்டிய கணக்கை உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் போட்டுப் பார்த்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.