பாராசிட்டமாலும் கல்லீரல் உயிரணுவின் சாவும்

புலாவ் செபாங்கில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் பாராசிட்டமாலை வைத்தே இந்தப் பாடத்தை நடத்திவிடலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதற்கு மேல் கூடாது. ஏன்? (சளி மருந்துகள் பலவற்றிலும் இதே சரக்குதான், அதையும் சேர்த்து எண்ணுங்கள்.)

மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாததாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சிறு பங்கு மட்டும் என்ஏபிகியூஐ என்ற நச்சாகும். அதைக் குளூட்டாதயோன் கட்டிப்போடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். நச்சு மைட்டோகாண்டிரியாப் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறி ஏடிபி உற்பத்தி படுத்துவிடும்.

இங்கேதான் மாணவர்கள் 'அப்போப்டோசிஸ்'னு எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். திட்டமிட்டுச் சாவதற்கும் ஏடிபி வேணுமே! அது இல்லாத உயிரணு வீங்கி வெடிக்கும், அதுதான் நெக்ரோசிஸ். ஏஎல்டி நொதி இரத்தத்தில் கசிவதும் அதனால்தான்.

முதல் நாள் குமட்டலோடு சரி, ஆள் நல்லாத்தான் இருப்பார். பாதிப்பு உச்சமடைவது மூன்றாம், நான்காம் நாளில். குளூட்டாதயோனை மீட்டெடுக்கும் அசிட்டைல்சிஸ்டைனை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பும். அதனால் யாராவது கூடுதலாக விழுங்கியது தெரிந்தால், அறிகுறி வரட்டும்னு காத்திருக்காமல் உடனே தம்பின் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மாத்திரை அட்டையோடு.